காலையில் 6.1, மாலையில் 17.4: இனிப்புநீர் உள்ளவர்கள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும்போது கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுபவர்கள் குறைவு. மிஸ்ஸி என்றால்தான் தெரியும். அரசாங்க கிளினிக்கில் 31 வருடம் தாதியாக இருந்து ஓய்வு பெற்றேன். எனக்குத்தான் ஓய்வு, கேள்விகளுக்கு இல்லை. காலைப் பசாரில் மீன் பார்க்கும்போதும், கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போதும் யாராவது பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டுவார்கள். அதில் அடிக்கடி வருவது பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், அதாவது நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் பார்த்தால் 31.4 விழுக்காடு. அதனால் ஆஸ்துமாவுக்கோ மூட்டுக்கோ தோலுக்கோ சிறுநீரகத்துக்கோ ஸ்டீராய்டு எழுதினால், அது ஏற்கெனவே மெட்ஃபார்மின் என்ற இனிப்புநீர் மாத்திரை இருக்கும் வீட்டுக்குத்தான் பல சமயம் போகிறது. என் வீட்டுக்கும் வந்தது. வீட்டுக்காரர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர், 12 வருட இனிப்புநீர்க்காரர். வாயெல்லாம் புண்ணாகி சோறு இறங்காமல் போனதும் பெம்ஃபிகஸ் என்ற கொப்புள நோய் என்று கண்டுபிடித்தார்கள். காலையில் 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன் 12 மாத்திரை. உள்ளங்கையில் கொட்டி எண்ணினால் குழந்தை பல்லாங்குழிக்கு எடுத்துவைத்த மணி மாதிரி இருக்கும். கீழே உள்ள பதில்களில் பாதி கிளினிக்கில் கற்றது, மீதி எங்கள் சமையலறையில் கற்றது.

ஸ்டீராய்டு என்றால் ஜிம் பையன்கள் போட்டுக்கொள்ளும் ஊசியா?

இல்லை. அது வேறு வகை. டாக்டர் கொடுப்பது கோர்ட்டிசோல் வகை. நம் சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் தானாகவே கோர்ட்டிசோல் சுரக்கிறது. ஒரு நாளைக்கு அது தருவது ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்குச் சமம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்கள் அட்டையைப் பாருங்கள். 30 மில்லிகிராம் என்றால் உடம்பு தானாகத் தருவதைப் போல ஆறு மடங்கு. அதே வகையைச் சேர்ந்த டெக்ஸாமெத்தசோன் என்றால் எண் சிறியதாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம், அதில் 0.75 மில்லிகிராமே 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோனுக்கு ஈடு.

காலையில் வெறும் வயிற்றில் சீனி நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு எதற்குக் கவலை?

இந்தக் கேள்வியில்தான் நானே விழுந்தேன். வீட்டுக்காரருக்குத் தினமும் காலை ஆறரைக்குக் குத்திப் பார்ப்பேன். 5.8, 6.1, 6.4 (இங்கே மிஷின் காட்டுவது மில்லிமோல் கணக்கு). பார், மிஸ்ஸி வீட்டில் இருந்தால் இப்படித்தான் என்று எனக்குள் ஒரு பெருமை வேறு. மூன்றாம் வாரம் அவர் சாயங்காலத்தில் ஜாடித் தண்ணீரை அப்படியே தூக்கிக் குடிக்க ஆரம்பித்தார். டிவியில் எழுத்து தெரியவில்லை என்றார். கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்தேன். அன்று மாலை ஐந்தரைக்குச் சந்தேகப்பட்டுக் குத்தினால் 17.4. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து என் விரலில் குத்திப் பார்த்தேன், எனக்கு 5 சொச்சம். 31 வருடம் வேலை செய்து என்ன பயன்!

நடப்பது இதுதான். காலை எட்டு மணிக்குப் பிரெட்னிசொலோன் போட்டால் நாலிலிருந்து எட்டு மணி நேரத்தில் அதன் சீனி ஏற்றும் வேலை உச்சத்துக்குப் போகும். அதாவது மத்தியானச் சோற்றிலிருந்து மாலை நாலு மணி வரை. அந்த வேகம் இரவுச் சாப்பாடு வரை இருக்கும். நடு இரவுக்கு மேல் மெல்ல இறங்கும். விடியும்போது எண் நல்ல பிள்ளையாக இருக்கும். காலை எண்ணை மட்டும் பச்சைப் புத்தகத்தில் (இனிப்புநீர்ப் பதிவேடு) எழுதிக்கொண்டு போனால், டாக்டரும் எல்லாம் சரி என்றே நினைப்பார்.

மாத்திரையைக் காலை, இரவு என்று பிரித்துக் கொடுத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும், இரவிலும் ஏறும். டெக்ஸாமெத்தசோன் ஒரு நாளுக்கு மேலேயே உடம்பில் வேலை செய்யும், அதற்கு விடியலும் தெரியாது அந்தியும் தெரியாது.

அப்படியானால் எப்போது குத்திப் பார்ப்பது? ஸ்ட்ரிப் விலை என்ன கொஞ்சமா?

கொஞ்சமில்லைதான். கிளினிக்கில் டாக்டரைப் பார்க்க ஒரு வெள்ளி, ஆனால் ஸ்ட்ரிப் பெட்டி நம் கைக்காசு. ஒரு நாளைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் அதை இரவுச் சாப்பாட்டுக்கு முன் வையுங்கள். இரண்டு முடிந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொன்று. இன்சுலின் போடுபவர்களுக்கு இது போதாது. காலை எண்ணும் வேண்டும், ஏனென்றால் அங்கே பயம் ஏறுவதில் இல்லை, இறங்குவதில் இருக்கிறது.

எண்ணுக்குப் பக்கத்தில் மணியையும், அன்று எத்தனை மாத்திரை என்பதையும் எழுதுங்கள். மணி இல்லாத எண்ணைப் பார்த்து ஒரு டாக்டரும் மருந்தைச் சரியாகத் திருத்த முடியாது.

எவ்வளவு இருந்தால் பரவாயில்லை?

நம் நாட்டில் வழக்கமாகச் சொல்வது வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0, சாப்பிட்ட பின் 8.5 வரை. ஸ்டீராய்டு அதிகமாக ஓடும் நாட்களில் 6க்கும் 10க்கும் நடுவில் வைத்திருந்தாலே பல டாக்டர்கள் திருப்திப்படுவார்கள். வயதானவர், தனியாக இருப்பவர் என்றால் இன்னும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். உங்கள் எண் எது என்று உங்கள் டாக்டரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். இந்தியாவில் உள்ள சொந்தக்காரர்களுக்குப் போனில் சொல்ல வேண்டுமென்றால் 18ஆல் பெருக்குங்கள், அங்கே மில்லிகிராம் கணக்கு, இல்லையென்றால் 10 என்றதும் அங்கே அலறுவார்கள்.

மூன்று மாத சராசரி ரத்தப் பரிசோதனையை இரண்டு வார ஸ்டீராய்டுக்கு நம்ப வேண்டாம். அது மெதுவாக நகரும் கணக்கு.

இனிப்பே தொடவில்லை மிஸ்ஸி, எப்படி ஏறும்?

கல்லீரல்தான் கொடுக்கிறது. ஸ்டீராய்டு அதைத் தட்டி எழுப்பி, நீங்கள் சாப்பிடாத சீனியையும் தயாரிக்கச் சொல்கிறது. அதே நேரத்தில் தசையும் கொழுப்பும் இன்சுலினின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகின்றன. அதனால் ஸ்டீராய்டு நாட்களில் எண் ஏறினால் வீட்டில் உள்ளவர்கள் "என்ன திருட்டுத்தனமாகத் தின்றாய்?" என்று கேட்பதை விட்டுவிட வேண்டும். நான் கேட்டேன். அவர் இரண்டு நாள் பேசவில்லை.

சீனி ஏறுகிறதே, ஸ்டீராய்டை நானே பாதியாகக் குறைத்துக்கொள்ளட்டுமா?

கூடாது. மூன்று வாரத்துக்கு மேல் சாப்பிட்டால் அட்ரினல் சுரப்பி, வெளியிலிருந்துதான் வருகிறதே என்று தூங்கிவிடும். சட்டென்று நிறுத்தினால் உடம்பில் கோர்ட்டிசோலே இருக்காது. ரத்த அழுத்தம் சரியும், வாந்தி, மயக்கம், உயிருக்கே ஆபத்து. எந்த நோய்க்காகக் கொடுத்தார்களோ அதுவும் திரும்பி வரும். இனிப்புநீருக்கு மருந்தைக் கூட்டலாம். ஸ்டீராய்டைக் குறைப்பது கொடுத்த டாக்டரின் வேலை. தோல் டாக்டர் ஒரு பக்கம், இனிப்புநீர் கிளினிக் ஒரு பக்கம் என்று போகிறவர்கள் இரண்டு இடத்திலும் மற்றதைச் சொல்லுங்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள் என்று நம்பி உட்கார வேண்டாம்.

டாக்டர் இன்சுலின் என்கிறார். இனி ஆயுசுக்கும் ஊசிதானா?

பெரும்பாலும் இல்லை. காலையில் ஸ்டீராய்டு போடுபவருக்குக் காலையிலேயே நடுத்தர நேரம் வேலை செய்யும் இன்சுலினைக் கொடுப்பது ஒரு நல்ல வழி. கலங்கலாக இருக்கும், போடும் முன் உள்ளங்கைகளில் மெதுவாக உருட்ட வேண்டும், அதுதான். மாத்திரை ஏறும் நேரத்தில் இதுவும் ஏறும், மாத்திரை இறங்கும்போது இதுவும் இறங்கும். இரண்டு மாடு ஒரே வண்டியை இழுப்பது மாதிரி. கிளிக்கிளசைட் என்ற இனிப்புநீர் மாத்திரையையும் இதே காரணத்துக்காகக் காலைப் பக்கம் கூட்டுவார்கள். மாலை எண் அதிகம் என்று இரவு ஊசியைக் கூட்டினால் ஆபத்து: விடியற்காலை மூன்று மணிக்கு ஸ்டீராய்டு இறங்கியிருக்கும், ஊசி மட்டும் தனியாக வேலை செய்துகொண்டிருக்கும்.

இதைவிட முக்கியமான ஒன்று. ஸ்டீராய்டு குறையும்போது இன்சுலினும் கிளிக்கிளசைட்டும் கூடவே குறைய வேண்டும். வீட்டுக்காரருக்கு 12 மாத்திரை 8 ஆனபோது ஊசி அளவை மாற்ற மறந்துவிட்டார்கள், நானும் கேட்கவில்லை. நாலாம் நாள் காலையில் பனியன் நனைந்து, கை நடுங்கி, என்னை அவருடைய அக்கா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். 2.9. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி குத்தி, 4க்கு மேல் வந்த பிறகு இரண்டு பிஸ்கட். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 999ஐக் கூப்பிட வேண்டும். இப்போது யாராவது "டோஸ் குறைச்சுட்டாங்க மிஸ்ஸி" என்று சிரித்துக்கொண்டு வந்தால் என் முதல் கேள்வி, "ஊசியைக் குறைச்சாங்களா?"

பசி தாங்க முடியவில்லை. சாப்பிட்ட கையோடு மறுபடி பசிக்கிறது.

இதை யாரும் நாக்கு ருசி என்று சொல்லாதீர்கள். ஸ்டீராய்டு மூளையிலேயே பசியைக் கிள்ளிவிடுகிறது. மன உறுதி ஒரு வாரம் தாங்கும், அப்புறம் தாங்காது. வீட்டுக்காரர் 62 கிலோவிலிருந்து இரண்டு மாதத்தில் 69க்குப் போனார். இரவு பதினொரு மணிக்குப் பிஸ்கட் தகரம் திறக்கும் சத்தம் கேட்கும். மூடியை விரலால் அமுக்கிக்கொண்டு, சத்தமில்லாமல் திறக்கப் பார்ப்பார். எழுபதை நெருங்கும் மனிதர்.

நான் செய்தது, பசியோடு சண்டை போடாமல் அதற்குத் தீனியை மாற்றியது. தகரத்தில் பிஸ்கட்டுக்குப் பதில் வேகவைத்த கச்சான் கடலை, அளவாக ஒரு கைப்பிடி. நாலரை மணி என்பது மோசமான நேரம், பசார் மாலாம் (இரவுச் சந்தை) வாசனையும் அப்போதுதான் வரும். அதற்கு முன்னாலேயே ஒரு அவித்த முட்டை, வெள்ளரிக்காய், அல்லது எண்ணெய் குறைவாகப் பொரித்த தெம்பே (சோயாக் கட்டி). இரவில் கங்கூங்கோ முருங்கைக்கீரையோ ஒரு பெரிய மங்கு நிறைய, சோற்றுக்கு முன்னால். காய் உள்ளே போன பிறகு சோறு கேட்கிற வயிற்றின் குரல் கொஞ்சம் தணியும். தூங்கப் போகுமுன் பல் துலக்கிவிடுவதும் உதவியது. ஏன் என்று கேட்காதீர்கள், பிஸ்கட் சத்தம் நின்றது.

சோற்றையே விட்டுவிடலாமா?

வேண்டாம். விட்டவர்கள் மூன்றாம் நாள் இரண்டு தட்டு சாப்பிட்டதைத்தான் பார்த்திருக்கிறேன். கிளினிக் சுவரில் ஒட்டியிருக்கும் 'சுகு சுகு செபாரு' (கால், கால், பாதி) தட்டு உங்களுக்குத் தெரியும்: கால் தட்டு சோறு, கால் தட்டு மீன் கோழி முட்டை பருப்பு, பாதித் தட்டு காய்கறியும் பழமும். அதுவே போதும், ஆனால் ஸ்டீராய்டு நாட்களில் இரண்டு திருத்தம். ஒன்று, பெரிய சாப்பாட்டைக் காலைப் பசியாறும் நேரத்துக்குத் தள்ளுங்கள். மாலையில் சோற்றின் அளவை இறக்குங்கள், ஏனென்றால் மாலையில்தான் உடம்பு சீனியைச் சமாளிக்கத் திணறுகிறது. இரண்டு, மீன் முட்டைப் பங்கைக் குறைக்காதீர்கள், ஸ்டீராய்டு தசையைக் கரைக்கிறது. சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் இந்த இரண்டாவதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

மத்தியானக் கஞ்சி நல்லது என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். குழையக் காய்ச்சிய கஞ்சி, சோற்றைவிட வேகமாகச் சீனியை ஏற்றும். வெயிலில் ரப்பர் மரத்தில் பால் எடுத்து வந்த உடம்புக்கு அது சரி. சோபாவில் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு இல்லை.

கடையில் என்ன குடிப்பது?

தே ஓ கோசோங், அதாவது பாலும் சீனியும் இல்லாத தேநீர். 'கூராங் மானிஸ்' (இனிப்பு குறைவாக) என்று சொன்னால் தம்பி ஒரு கரண்டி கெட்டிப்பாலைக் குறைப்பார், அவ்வளவுதான். மைலோ சத்து பானம் என்று நினைத்துக் குடிப்பவர்கள் ஒருமுறை குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துக் குத்திப் பார்க்கட்டும்.

முகம் நிலா மாதிரி ஆகிவிட்டது, வயிறு தள்ளுகிறது, கால் மட்டும் குச்சியாகிறது. இது கொழுப்பா, நீரா?

இரண்டும். இரண்டு மூன்று நாளில் ஒரு கிலோ இரண்டு கிலோ ஏறினால் அது நீர். ஸ்டீராய்டு உப்பைப் பிடித்து வைக்கும், உப்பு நீரைப் பிடித்து வைக்கும். மோதிரம் இறுகும், காலுறை போட்ட தடம் நெடுநேரம் மறையாது. இங்கே கருவாடு, ஊறுகாய், சம்பால், கிச்சாப் (சோயா சாஸ்), மெகி மீ மசாலாத் தூள் ஆகியவற்றைக் கட்டிப்போட்டாலே வித்தியாசம் தெரியும். மூச்சு வாங்குகிறது, படுத்தால் திணறுகிறது என்றால் அது உப்போடு போகிற விஷயமில்லை, டாக்டரிடம் போங்கள்.

வாரக்கணக்கில் ஏறுவது கொழுப்பு. ஸ்டீராய்டு அதைக் கை கால்களில் போடாமல் முகம், பிடரி, வயிறு என்று இடம் மாற்றி வைக்கும். தொடையில் தசை கரைவதால்தான் தரையிலிருந்து எழ முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள், பத்து முறை, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை. எலும்பும் தேயும் என்பதால் கால்சியம், வைட்டமின் டி வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

வாரத்துக்கு ஒரு நாள், ஒரே நேரம், ஒரே தராசு. தினமும் ஏறி நின்று அழ வேண்டாம்.

எப்போது நடப்பது?

விடியற்காலை நடை நம் ஊர் வழக்கம். திடலில் கூட்டாளிகளும் இருப்பார்கள். ஆனால் ஸ்டீராய்டுக்காரருக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகும், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடப்பதில்தான் பலன் அதிகம். இங்கே மத்தியான வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம், மழை வேறு. வீட்டு வாசலிலிருந்து பின்கட்டு வரை நடந்தாலும் நடைதான். செருப்பில்லாமல் மட்டும் நடக்காதீர்கள். ஸ்டீராய்டு காய்ச்சலையும் வீக்கத்தையும் அமுக்கிவிடும். கால் புண் உள்ளே அழுகினாலும் மேலே அமைதியாக இருக்கும். ரப்பர் பூட்ஸ் போட்டு வேலைக்குப் போகிறவர்கள் இரவில் விரல் இடுக்குகளைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

தைப்பூசத்துக்கு விரதம் இருக்கலாமா?

சைவமாக இருப்பதில் தடையில்லை, பருப்பும் தௌஹுவும் (டோஃபு) தாராளமாக இருக்கட்டும். பட்டினி விரதம் வேறு. ஸ்டீராய்டு மாத்திரையைச் சாப்பாட்டோடு போட வேண்டும்; இன்சுலினோ கிளிக்கிளசைட்டோ இருந்தால் பட்டினியில் சீனி படுத்துவிடும். முருகனிடம் இந்த வருடத்துக்குப் பால்குடத்தோடு கணக்கு முடித்துக்கொள்ளுங்கள். அபிஷேகம் முடிந்து தரும் பஞ்சாமிர்தம் ஒரு விரல் நுனி.

முட்டியில் ஊசி போட்டார்கள். பஃப்பர் (இன்ஹேலர்) இழுக்கிறேன். களிம்பு தடவுகிறேன். இதெல்லாமும் ஏற்றுமா?

முட்டி ஊசி சில நாட்களுக்கு, சிலருக்கு ஒரு வாரம் வரை ஏற்றும். போடும் முன்பே இனிப்புநீர் இருப்பதைச் சொல்லுங்கள். பஃப்பர் வழக்கமான அளவில் பெரிதாக ஏற்றாது, இழுத்ததும் வாய் கொப்பளியுங்கள். களிம்பு சிறு இடத்துக்கு என்றால் கவலை இல்லை.

ஸ்டீராய்டே சாப்பிடவில்லை, ஆனால் முகம் உப்பியிருக்கிறது, சீனியும் ஏறுகிறது. எப்படி?

மூட்டு வலிக்கு ஏதாவது ஜாமு, மஜூன், பெயரில்லாத கேப்சூல் சாப்பிடுகிறீர்களா? இரண்டே நாளில் வலி பறந்தது, பசி எடுத்தது, தூக்கம் வந்தது என்று யாராவது புகழ்ந்தால் எனக்கு மூக்கு வியர்க்கும். பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்பவற்றில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சாப்பிடுவதை யாரிடமும் சொல்லாமல் பட்டென்று நிறுத்தவும் வேண்டாம், மேலே சொன்ன தூங்கிப்போன சுரப்பிக் கதைதான் இங்கேயும். பெட்டியோடு கிளினிக்குக்குப் போங்கள். திட்டுவார்கள் என்று பயந்து பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

மிஷின் எண்ணுக்குப் பதில் 'ஹை' என்று காட்டினால். ஓயாத தாகம், நிற்காத சிறுநீர், அதோடு உளறலோ தூக்கக் கலக்கமோ இருந்தால். வாந்தி எடுத்து ஸ்டீராய்டு மாத்திரை உள்ளே தங்கவில்லை என்றால், சீனி எவ்வளவாக இருந்தாலும். மலம் கறுப்பாகப் போனால். இரண்டு நாளாக 15க்கு மேலேயே நின்றால் ஓட வேண்டாம், ஆனால் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மறுநாளே கிளினிக்கைப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை கேளுங்கள், ஸ்டீராய்டு பழைய காசநோயை எழுப்பும்.

மாத்திரை நின்ற பிறகு இந்த எடை போகுமா, சீனி இறங்குமா?

முகம் முதலில் இறங்கும், சில வாரங்களிலேயே வித்தியாசம் தெரியும், முழுதாக இறங்கச் சில மாதம் ஆகலாம். நீர் எடை போகும். கொழுப்பு தானாகப் போகாது. ஏற்றியது போலவே மெதுவாகத்தான் இறக்க வேண்டும். சீனி பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும், சிலருக்கு முன்பைவிட ஒரு படி மேலேயே தங்கிவிடும். வீட்டுக்காரர் இப்போது ஒரு மாத்திரையில் நிற்கிறார், ஊசி இல்லை, 65 கிலோ. பிஸ்கட் தகரத்தில் இன்னும் கச்சான்தான். மாலை ஐந்தரைக்கு அவரே மிஷினை எடுத்துவைத்துக்கொண்டு, "வா, குத்து" என்று விரலை நீட்டுகிறார்.